மூச்சுக்குள் பேசிய அக்கா

எவர்சில்வர் டிபன் டப்பாவைச் சத்தமில்லாமல் திறக்க முடியும் என்பதை அந்த அக்காவிடம்தான் பார்த்தேன். மூடியின் இடுக்கில் துப்பட்டா நுனியைச் செருகி, கட்டைவிரலால் மெல்ல நெம்பி எடுத்து, மடித்த துணியின் மேல் வைப்பார். நாற்காலியை இழுக்க மாட்டார், தூக்கி நகர்த்துவார். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க மாட்டார், கத்தரியால் வெட்டுவார். கையில் வளையல் கிடையாது, காலில் கொலுசு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றபோதெல்லாம் நான் திடுக்கிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

"பயந்துட்டியா மா?" என்பார். அதிலும் பாதிதான் காதில் விழும். மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில், அரசுக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பெண்களுக்கான ஓர் உதவி எண்ணுக்காக, பேச்சைத் தானே புரிந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். ஆள் எடுக்க முடியாத நேரத்தில் வரும் அழைப்பை இயந்திரம் கேட்கும். 'அடிக்கிறான்', காப்பாத்துங்க என்கிற 'பச்சாவோ', கதவு என்கிற 'தர்வாஸா' என்று ஏதாவது காதில் பட்டால் உடனே ஓர் ஆளுக்குத் தகவல் போகும். பெரிய ஊர்களுக்காகச் செய்த மென்பொருள்களுக்கு எங்கள் தீவுப் பேச்சு பிடிபடவில்லை. இங்கே வங்காளி ஒரு மாதிரி இந்தி பேசுவார், தெலுங்கர் ஒரு மாதிரி பேசுவார், நாங்கள் பாதி வாக்கியத்தில் தமிழுக்குத் தாவிவிடுவோம். அதனால் எல்லாரையும் கூட்டிவந்து பேசவைத்துப் பதிவு செய்தோம். பதிவு என் வேலை. பதிவான குரலை எண்களாக மாற்றும் வேலை அக்காவுடையது.

அது எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"மெஷின் பேச்சை முழுசா கேக்காது மா. வெங்காயம் மாதிரி பொடிப்பொடியா நறுக்கிக்கும். ஒவ்வொரு துண்டுலயும் எவ்வளவு சத்தம், தொண்டை அதிருதா, வாய் என்ன வடிவத்துல இருக்கு, இதை மட்டும் பாக்கும். எண்ணா எழுதி வச்சுக்கும். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடும்."

"மிச்சம்னா என்னக்கா?"

"யாரு பேசுறா, எந்த ரூம்ல இருந்து பேசுறா, பின்னாடி யாரு இருக்கா. மெஷினுக்கு அதெல்லாம் வேண்டாம்." கதவைப் பார்த்துக்கொண்டார். "சில பேருக்கு அது மட்டும்தான் வேணும்."

அந்தச் சில பேர் யார் என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது.

அக்காவின் கணவர் விமான நிலையத்தில் வேலை பார்த்தார். காலையில், மதியம், சாயங்காலம் என்று அவரிடமிருந்து அழைப்பு வரும். முதல் மணி முழுசாக அடித்து முடிவதற்குள் அக்கா எடுத்துவிடுவார். "ம். ஆபீஸ்லதான். ம்... ஃபேன் சத்தம். இல்ல, யாரும் இல்ல." அவ்வளவுதான் பேச்சு. மற்ற நேரமெல்லாம் அந்தப் பக்கத்தில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்று அடிக்கும் பழைய மின்விசிறி நின்றது. அக்காவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "கரண்ட் போயிடுச்சுங்க. நிஜமா. இங்க எல்லாருக்கும் போயிடுச்சு." எழுந்து, சத்தமில்லாமல் ஓடி, ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினார். கீழே ஜெராக்ஸ் கடையில் யாரோ "பிஜிலி கயி" என்று கத்தினார்கள். அது அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அக்கா போனைக் காதுக்குக் கொண்டுவந்து "ம்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

"வீடியோ போட்டுக் காட்டிட வேண்டியதுதானே அக்கா?"

"அது அவருக்குப் பிடிக்காது. வீடியோ கேட்டா சந்தேகப்படறதா ஆயிடுமாம். 'எனக்கு உன் மேல சந்தேகமே இல்ல, குரல் கேட்டா போதும்'னு சொல்வார்."

அவர் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்தது ஒரு மழைநாளில். மனைவிக்காகக் குடையும், எங்களுக்காக ஒரு டப்பா இனிப்பும் கொண்டுவந்திருந்தார். உயரமானவர். சட்டை மடிப்புக் கலையாத ஆள். யாரையும் அதட்டிப் பேசியிருக்க மாட்டார் என்று தோன்றும் முகம். எங்கள் திட்டத் தலைவர், வயதான வங்காளி, அவரோடு கைகுலுக்கிவிட்டு "படா அச்சா ஆத்மி", ரொம்ப நல்ல மனிதர், என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் என் பக்கம் திரும்பும்வரை.

"போன வாரம் போன்ல பின்னாடி சிரிச்சது நீங்கதானே தங்கச்சி?"

நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூட அதுவரை பேசியிருக்கவில்லை. தலையாட்டினேன்.

"நினைச்சேன். மூக்கால மூச்சு விடுறீங்களே, அதுல கண்டுபிடிச்சேன்."

சிரித்தபடிதான் சொன்னார். அதற்குப் பிறகு அக்கா போனில் இருக்கும்போது நான் மூச்சு விடுவதற்கே யோசித்தேன்.

அந்த மாதம்தான் மென்பொருளைப் பலவிதமாகச் சோதித்துக்கொண்டிருந்தோம். கத்தினால் புரிந்துகொண்டது. அழுதால் பாதி புரிந்துகொண்டது. பின்னால் மழை பெய்தாலும் ஓரளவு சமாளித்தது. அக்கா எழுந்து ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் போய், குரலே இல்லாமல், வெறும் மூச்சால் "பச்சாவோ" என்றார். திரையில் 'பேச்சு இல்லை' என்று வந்தது. திரும்பச் சொன்னார். 'பேச்சு இல்லை.'

தலைவர் சிரித்தார். கிசுகிசுப்பில் தொண்டை அதிராது, சத்தமும் குறைவு, அதனால் அதை அமைதி என்று எண்ணி இயந்திரம் தள்ளிவிடுகிறது என்று விளக்கினார். அதற்கும் கதவைத் திறந்துவிட்டால் காற்றும் மழையும் மின்விசிறியும் பேச்சு என்று உள்ளே வந்துவிடும், பொய் எச்சரிக்கையாக வந்து குவியும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அக்கா கூட்டத்தில் பேசி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "சார், சத்தம் போட்டு அழறவளுக்குப் பக்கத்து வீடு இருக்கு. இந்த நம்பர் யாருக்கு?"

இந்தியில்தான் சொன்னார். தலைவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "க்யா போலா?" என்று என்னைப் பார்த்தார். நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "டீக் ஹை, கரோ" என்றார். சரி, செய்யுங்கள் என்று.

அப்படித்தான் கிசுகிசுப்பைச் சேகரிக்கத் தொடங்கினோம். பஜாரிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் பெண்களைக் கூட்டிவந்தேன். சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த பதிவறையில் உட்காரவைத்து ரகசியக் குரலில் படிக்கச் சொன்னோம். பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்தது. மீதிப் பேர் வம்பு பேசுகிற தொனியில் படித்தார்கள். அக்கா கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.

"இது ரகசியம் சொல்றவங்க குரல் மா. பயந்தவங்க குரல் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. ரகசியம் சொல்றவ மூச்சை வெளிய விட்டுக்கிட்டே பேசுவா. பயந்தவ விட மாட்டா. விட்டா வெளிய கேக்கும்ல? உள்ள இழுத்துக்கிட்டே பேசுவா. வார்த்தை முன்னாடி பாதி இருக்கும், பின்னாடி பாதி இருக்காது."

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து, அவரே பதிவறைக்குள் போனார். நான் வெளியே காதொலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடி வழியே அவர் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு என் காதுக்குள்ளேயே யாரோ பதுங்கியிருப்பதுபோல அந்தக் குரல் வந்தது.

"பாத்ரூம்ல இருக்கேன்... தர்வாஸா பந்த் ஹை... வெளிய நிக்கிறார். தட்டல. சும்மா நிக்கிறார்... நான் மூச்சு விடறது கேக்குதான்னு பாத்துட்டு நிக்கிறார்..."

முதுகு அசையவே இல்லை. நாங்கள் எழுதிவைத்திருந்த வாக்கியங்களில் இது இல்லை. இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வெளியே வந்தவர், "பதிவாச்சா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். "இந்த மாதிரி இன்னும் நிறைய வேணும்" என்றார். அதற்குப் பிறகு தினமும் சிறிது நேரம் அவரே உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது. தொண்டையை விட்டுவிட்டு, வாயின் வடிவத்தை மட்டும் வைத்து, மூச்சிலிருந்து சொல்லைப் பொறுக்கியது. 'பேச்சு இல்லை' என்று வந்த இடத்தில் ஒருநாள் 'தர்வாஸா' என்று வந்தது. அக்கா அந்தத் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு திங்கட்கிழமை அவர் கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவோடு வந்தார். குரல் முற்றிலும் போயிருந்தது. "தொண்டைக் கட்டு" என்று கையால் காட்டினார். அன்றும் விடாமல் பதிவறைக்குள் போய், இந்த முறை கிசுகிசுப்பாக இல்லாமல் குரலோடு படிக்க முயன்றார். வழக்கமாகத் திரையில் தொண்டையின் அதிர்வு ஒரு கோடாக ஓடும். அது துண்டு துண்டாக, பாதி வழியில் அறுந்து அறுந்து கிடந்தது. மென்பொருள் ஓரத்தில் அந்தப் பதிவை 'ஜலதோஷம்' என்று வகைப்படுத்தியிருந்தது.

அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று அதைப் படித்தார்.

"மெஷினுக்கு ஜலதோஷத்துக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாது மா" என்றார், வெறும் மூச்சால்.

நான் திரும்பினேன். துப்பட்டா கொஞ்சம் விலகியிருந்த இடத்தில், கழுத்தில் விரல் தடங்கள். நான் பார்த்ததை அவர் பார்த்தார். இழுத்து மூடிக்கொள்ளவில்லை.

"நம்ம நம்பருக்கே கூப்பிடலாம் அக்கா. ஆள் இருக்கும்போது கூப்பிடலாம்."

"கூப்பிடலாம். வருவாங்க. விசாரிப்பாங்க. அவர் டீ போட்டுக் குடுப்பார். இது சின்ன ஊரு, எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவங்க போனப்புறம் நான் அந்த வீட்டுலதானே இருக்கணும்?"

"மெயின்லேண்டுக்குப் போயிடுங்க."

"ஏர்போர்ட்ல எல்லாரும் அவர் ஃபிரெண்ட்ஸ். கப்பல்ல போனா மூணு நாள். அவர் பிளேன்ல ரெண்டு மணி நேரத்துல போய் துறைமுகத்துல குடையோட நிப்பார்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சுற்றிலும் கடல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழகியது. அன்றைக்குத்தான் அது சுவர் மாதிரி தெரிந்தது.

வாப்பாவிடம் சொன்னேன். அபர்தீன் பஜாரில் எங்களுக்குத் துணிக்கடை. வாராவாரம் எங்கள் வேன் துணிப் பொதியோடு வடக்கே மாயாபந்தருக்குப் போகும். அங்கே வாப்பாவின் தங்கை, என் மாமி, கடை வைத்திருக்கிறார். வாப்பா துணியை மடித்துக்கொண்டே கேட்டார். மடித்ததை அடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணு எங்க ஊரு?"

"ஹட் பே. அப்பா அம்மா பாமாயில் தோட்டத்துல வேலை பாத்தவங்க. இப்ப யாரும் உயிரோட இல்ல."

"வியாழக்கிழமை லோடு போவுது. முன்சீட்டுல இடம் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் கணவர் அக்காவை வழக்கம்போல அலுவலக வாசலில் இறக்கிவிட்டுப் போனார். தலைவர் அன்று விடுப்பு. அக்கா கையில் டிபன் டப்பாப் பை மட்டும்தான். நாங்கள் பின்வழியாக இறங்கி, வாப்பா ஓட்டிவந்த வேனில் ஏறினோம். என் பங்கு ஜிர்காடாங் சோதனைச்சாவடிவரை போய்விட்டுப் பஸ்ஸில் திரும்புவது. அதற்கு அப்பால் காட்டுவழி. வண்டிகள் வரிசையாக நின்று, கேட் திறந்ததும் காவல் வண்டிக்குப் பின்னால் ஒன்றாகத்தான் போக வேண்டும். உள்ளே போய்விட்டால் வெகுநேரம் போன் எடுக்காது. அதனால் மதிய அழைப்பு கேட் திறப்பதற்கு முன்பே வந்தாக வேண்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். வராமல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் பஸ்கள், லாரிகள். ஒலிபெருக்கியில் இந்தியில் விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா மணியைப் பார்த்துவிட்டு, "வா" என்று என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். வாப்பா கதவைத் திறந்துவிட்டு, நாங்கள் ஏறியதும் சாத்தினார். இருட்டு. சுற்றிலும் துணிப் பொதி. வெளிச்சத்தம் அப்படியே அடங்கிப்போனது. எங்கள் பதிவறைக்குள் வந்துவிட்டது மாதிரி இருந்தது.

"துணி எதிரொலியை முழுங்கிடும். இந்த இடம் எவ்வளவு பெரிசுன்னு அவருக்குத் தெரியாது" என்றார். இன்னொரு பழைய போனை எடுத்து என் கையில் கொடுத்தார். அதில் முந்தின நாள் பதிவுசெய்த எங்கள் மின்விசிறி ஓடியது. டிக். டிக். "தலைக்கு மேல தூக்கிப் பிடி. ஃபேன் மேலதானே இருக்கும்."

அழைப்பு வந்தது. நான் கையைத் தூக்கினேன். அந்த அமைதியில் அவர் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"சாப்டியா?"

"இப்பத்தான் எடுத்தேன்."

"குரல் என்னமோ மூடி வச்ச மாதிரி இருக்கே."

"ரெக்கார்டிங் ரூம் வாசல்ல உக்காந்திருக்கேன். மெத்தைச் சுவர் பக்கம்."

"ம்."

வெளியே காவலர் ஒருவர் விசில் ஊதினார். நீளமாக. பொதிகளைத் தாண்டி மெலிதாக உள்ளே வந்தது. அக்காவின் விரல்கள் என் முழங்காலைப் பிடித்தன.

"என்ன விசில்?"

"கீழ ஸ்கூல் கிரவுண்ட்ல. பசங்களுக்கு பி.டி. நடக்குது."

அவர் மூச்சு மட்டும் கேட்டது. தூக்கிய கை வலிக்கத் தொடங்கியது. கையோடு மின்விசிறியும் கீழே இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா பேசவில்லை. இன்னொருவராக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்ப ஏதாவது பேசியிருப்பார்கள்.

"சரி" என்றார் அவர். "அஞ்சு மணிக்கு வரேன். மழை வரும்போல இருக்கு. குடை எடுத்துட்டு வரேன்."

வாப்பா கதவைத் திறந்தபோது இருவரும் நனைந்துபோயிருந்தோம், வியர்வையில். அக்கா போனை அணைத்து, சிம்மைக் கழற்றிச் சேற்றில் மிதித்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சொன்னார்: "அவர் உன்கிட்ட வருவார். நீ சொல்றதைக் கேக்க மாட்டார், உன் குரலைத்தான் கேப்பார். பொய் சொன்னா தொண்டை இறுகும், குரல் ஏறும். அவருக்கு அது போதும். அதனால பொய் சொல்ற நேரம் வந்தா அழுதுடு. அழுகையில தொண்டை தன்னால தடுமாறும். அதுக்குள்ள பொய் இருந்தாலும் தெரியாது."

"அழுகை வரலன்னா?"

"வரும் மா."

கேட் திறந்தது. வேன் வரிசையோடு நகர்ந்து மரங்களுக்குள் போய்விட்டது.

சாயங்காலம் அவர் குடையோடு மாடிப்படி ஏறி வந்தார். காலியான நாற்காலியைப் பார்த்தார். "அவ எங்க, தங்கச்சி?" என்றார். எனக்கு நடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அழுகை பொங்கி வந்தது. "தெரியல அண்ணே... மதியத்துக்கு அப்புறம் காணோம்..." என்று ஏதோ சொன்னேன். எனக்கே புரியவில்லை.

கைக்குட்டையை நீட்டினார். "எதுக்கு அழுறீங்க? நான் ஒண்ணும் கேக்கலையே." அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து மின்விசிறியைப் பார்த்தார். நான் விசும்பிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஃபேன்தான். மதியமும் இதே டிக்தான் கேட்டுது" என்றார். "கீழ ஜெராக்ஸ் கடையில சொல்றாங்க, மதியம் பூரா கரண்டே இல்லையாம்."

என் அழுகை நின்றுபோனது. நின்றதையும் அவர் கேட்டிருப்பார். புன்னகைத்துக்கொண்டே எழுந்து, குடையை மடித்து, படி இறங்கிப் போனார்.

காவல் நிலையத்துக்குப் போகவில்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லை, சிகிச்சைக்கு மெயின்லேண்ட் அனுப்பியிருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னார். எங்கள் தலைவரிடமும் அதையே சொன்னார். பிறகு ஒருநாள் காலையில் வந்து, தலைவர் முன்னால் பணிவாக நின்று கேட்டார்: "அவ குரல் இங்க நிறைய இருக்குமே சார். ரொம்ப ஞாபகமா இருக்கு. ஒரே ஒரு தடவை கேக்கலாமா?"

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பேச்சாரா, சுனா தோ" என்றார் என்னிடம். பாவம், போட்டுக் காட்டு என்று.

கணினியில் அக்காவின் கிசுகிசுப்புப் பதிவுகள் வரிசையாக இருந்தன. பாத்ரூம் கதவுக்கு வெளியே நிற்கிறவரைப் பற்றிய பதிவுகள். அந்த ஆள் என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் அவசரமாக எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஒன்றைத் திறந்தேன். வேலை தொடங்கிய மாதத்தில், தீவுகளின் ஊர்ப்பெயர்களை அக்கா படித்த பதிவு. ஓடத் தொடங்கிய பிறகுதான் அதில் என்னென்ன ஊர் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

"டெலானிபூர்... ஹேடோ... ரங்கத்... மாயாபந்தர்... திக்லிபூர்... ஹட் பே..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை."

போட்டேன். ரங்கத். மாயாபந்தர். என் இதயம் அடிப்பது அவருக்குக் கேட்குமோ என்று நாற்காலியை ஒட்டி முதுகை அழுத்திக்கொண்டேன்.

"இன்னொரு தடவை, தங்கச்சி."

மூன்றாவது தடவை ஓடியபோது அவர் விரலைத் தூக்கினார். "இங்க." பதிவு நின்ற இடம் ஹட் பே. "எல்லா ஊரையும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்கிறா. இந்த ஒரு இடத்துல மட்டும் மூச்சு விடறா." அவர் கண்ணில் சந்தோஷம் தெரிந்தது. கணக்கு சரியாக வந்தவனின் சந்தோஷம். "பொறந்த ஊரு இல்லையா? அங்கதான் போயிருப்பா."

அவர் கேட்டது உண்மைதான். பிறகு நானும் அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெயரில் மட்டும் அக்காவின் குரல் இளகியிருந்தது. ஆனால் அது எப்போதோ படித்தது.

அவர் தெற்கே தனித்தீவில் இருக்கும் ஹட் பேக்குக் கப்பல் ஏறியதை வாப்பா ஜெட்டியில் இருந்த சுமைக்காரர் மூலம் தெரிந்துகொண்டார். போன மறுநாளே கடல் கொந்தளித்து, அங்கிருந்து திரும்பும் சின்னக் கப்பல்கள் நின்றுபோயின. அந்த இடைவெளியில் எங்கள் வேன் மாயாபந்தரிலிருந்து திரும்பி வந்தது. முன்சீட்டில் இரண்டு பேர், இருவரும் புர்கா போட்டிருந்தார்கள். ஒருத்தி மாமி. மெயின்லேண்ட் போகும் பெரிய கப்பல் ஹேடோ துறையில் நின்றது. எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பது ஊருக்கே தெரியும், அங்கிருந்து எங்கே போகப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. வாசல்வரை கூடப் போனேன். அக்கா வாயையே திறக்கவில்லை. வரிசை நகர்ந்தபோது என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்தினார். மாமிதான் காவலரிடம் எல்லாம் பேசினார். கப்பல் போகும்வரை நான் அங்கே நிற்கவில்லை. நிற்க முடியவில்லை.

அவர் ஹட் பேயிலிருந்து திரும்பி வந்தார். என்னிடம் வரவில்லை. ஆனால் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. வேறு வேறு எண்கள். எடுத்தால் எந்தக் குரலும் இருக்காது. அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் தெரியும். எண்ணை மாற்றினேன். சில வாரம் கழித்து மறுபடி வந்தது. கடையில் இருந்தால் போனைத் துணிக்குள் புதைத்தேன். எடுத்ததும் ஹலோ சொல்கிற வழக்கத்தையே விட்டேன். சிரிக்கும்போது மூக்கால் மூச்சு விடாமல் இருக்கப் பழகினேன். உம்மா ஒருநாள், "ஏம்மா, உன் சிரிப்பே மாறிப்போச்சே?" என்று கேட்டார்.

மென்பொருள் வேலைக்கு வந்துவிட்டது. கிசுகிசுப்பையும் கேட்கிறது. கனமழை பெய்தால் அதையும் பயந்த குரல் என்று நினைத்து எச்சரிக்கை அனுப்புகிறது. உதவி எண்ணில் இருக்கும் பெண்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எடுத்துவிடலாமா என்று தலைவர் கேட்டபோது, மழைக்கும் ஓர் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமே சார் என்றேன். ஒரு முறை மழையில்லாத நாளில் எச்சரிக்கை வந்து, ஆட்கள் போய், ரங்கத் பக்கம் ஒரு பெண்ணை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். அவள் சொன்னது பதிவில் எங்கள் யார் காதுக்கும் கேட்கவில்லை.

சென்ற பெருநாளுக்கு முந்தின வாரம் கடையில் கூட்டம். தெரியாத எண். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

"என்ன மா, ஹலோ கூட சொல்ல மாட்டியா?"

கணீரென்று ஒரு பெண் குரல். எனக்குத் தெரியாத குரல். அக்காவின் கணவர்தான் யாரையோ பேசவைக்கிறார் என்று நினைத்தேன்.

"யாரு?"

"நான்தான்."

"எந்த நான்?"

சிரிப்பு வந்தது. காதே அதிர்ந்தது. "உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே இந்தக் குரல் இப்பத்தானே தெரியுது. ஃபேனைத் தூக்கிப் பிடிச்சிருந்தியே, அந்தக் கை வலி போயிடுச்சா?"

நான் கல்லாவுக்குப் பின்னால் பொதிமேல் உட்கார்ந்துவிட்டேன். அக்கா விடாமல் பேசினார். வேலை கிடைத்திருக்கிறது. கூட இரண்டு பெண்கள் தங்கியிருக்கிறார்கள். நேற்று கண்ணாடி டம்ளர் கைதவறி உடைந்ததாம். "யாரும் ஒண்ணுமே சொல்லல மா. ஒருத்தி துடைப்பம் எடுத்துட்டு வந்தா, அவ்வளவுதான்." அதை ஒரு பெரிய செய்திபோலச் சொன்னார். வளையல் குலுங்கியது.

அப்போது அவருக்குப் பின்னால் எங்கோ மணியோசை ஒன்று கேட்டது. தொடர்ந்து ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "பயணிகளின் கவனத்திற்கு..." என்று தொடங்கியது.

போனைக் காதிலிருந்து எடுத்து, பக்கத்தில் இருந்த துணிக்கட்டுக்குள் திரையைக் கவிழ்த்து அழுத்தினேன். அடுத்து ஊர்ப்பெயர் வரும். எனக்குத் தெரிந்தால் என் குரலுக்கும் தெரியும். வாப்பா முழம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வாடிக்கையாளர் விலை கேட்டார். வெளியே ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. அந்த அறிவிப்பு எத்தனை மொழியில் வந்தாலும் முடிந்திருக்கும் என்று தோன்றும்வரை அப்படியே பிடித்திருந்தேன்.

பிறகு எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஹலோ? கேக்குதா மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அக்கா" என்றேன். "சொல்லுங்க. ஸ்டேஷன்ல நின்னு மட்டும் பேசாதீங்க."